மலைமேல் ஒரு கண்மாய்

பனாமா நகரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கள்.

போன வாரம் பேசும்போது, "அந்தக் கால்வாய் சமாச்சாரம் போனில் சொன்னால் எனக்குப் பிடிபடாது, உட்கார்ந்து எழுது" என்றீர்கள். அதற்காகவே இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலைக்குப் போகும்போது தினமும் அமெரிக்காஸ் பாலத்தின் மேலிருந்து கீழே போகிற கப்பல்களைப் பார்க்கிறேன். ஆனால் நேற்றுத்தான் முதல்முறையாக அந்தத் தண்ணீரில் இறங்கி, பசிபிக் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் பக்கம் வரை முழுத் தூரமும் படகில் போனோம். சுமார் 80 கிலோமீட்டர். காலையில் ஏறி, இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இரண்டு பக்கமும் கடல்தானே, நடுவில் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வந்து நிரம்பாதா?" என்று கேட்டீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சூயஸ் கால்வாயை வெட்டிய அதே லெசெப்ஸ்தான் 1881இல் இங்கேயும் வேலையைத் தொடங்கியவர். அங்கே மணல். இங்கே மலையும், விடாத மழையும், திடீரென்று பொங்கி வரும் சாக்ரெஸ் ஆறும். எட்டே வருடத்தில் கம்பெனி திவாலாகிவிட்டது. 1904இல் அமெரிக்கர்கள் வந்து வேறு வழி பிடித்தார்கள். மலையைக் கடல்மட்டம் வரை குடைவதை விட்டுவிட்டு, அந்த சாக்ரெஸ் ஆற்றையே மறித்து மண் அணை கட்டினார்கள். கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய ஏரி உண்டானது. கப்பலை ஒரு பக்கம் அந்த ஏரிக்கு ஏற்றி, மறுபக்கம் இறக்கிவிடுகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மலைமேல் ஒரு கண்மாய், இரண்டு பக்கமும் மடை. முழு விஷயமும் அவ்வளவுதான் அப்பா. நேற்று அங்கே நின்றபோது நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றுதான் இருந்தது. இருந்திருந்தால் நான் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

காலையில் படகு ஏறியதையும் கொடுத்த பலகாரத்தையும் விரிவாக எழுதவில்லை, அதை அம்மாவிடம் போனில் சொல்லிவிடுகிறேன். கரையோரம் கப்பல்கள் வரிசைகட்டி முறைக்குக் காத்து நின்றன. ஒரு பைலட் வந்து ஏறினார். இங்கே அது கட்டாயம். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும், கால்வாய்க்குள் வந்துவிட்டால் அதை நடத்துகிற பொறுப்பு கேப்டனிடமிருந்து கால்வாய் பைலட்டின் கைக்குப் போய்விடுகிறது.

முதல் மடை மிராஃப்ளோரஸ். அங்கே இரண்டு படி. ஒவ்வொரு படியும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தொட்டி. எங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலை உள்ளே விட்டார்கள். அதற்கும் சுவருக்கும் இடையில் இரண்டு பக்கமும் இரண்டடிதான் இருந்திருக்கும். அது சுவரில் உரசாமல் இருக்க, சுவரின் மேலே தண்டவாளத்தில் ஓடுகிற இன்ஜின்கள் கம்பி வடத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டே கூட வருகின்றன. அவற்றுக்கு இங்கே 'மூலா' என்று பெயர், கோவேறு கழுதை என்று அர்த்தம். இவ்வளவு இயந்திரம் இருந்தும், கரையிலிருந்து முதல் கயிற்றைக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது யார் தெரியுமா? இரண்டு ஆட்கள், ஒரு சின்னத் துடுப்புப் படகில். மலை மாதிரி வருகிற கப்பலின் மூக்குக்குக் கீழே நிதானமாகத் துடுப்புப் போட்டுப் போனார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக இப்படித்தான் நடக்கிறதாம்.

ஏறும்போது சின்னப் படகு கப்பலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எங்கள் படகைச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். பின்னால் கதவு மூடியது. இரண்டு கதவும் நேராக வந்து முட்டவில்லை. தண்ணீர் அதிகமாக நிற்கிற மேல் பக்கம் பார்த்து முனை நீட்டிக்கொண்டு சேர்ந்தன. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கதவும் இரண்டு மீட்டர் கனம், உள்ளே கூடு. தண்ணீரில் பாதி மிதப்பதால் தள்ளுவதற்குப் பெரிய சக்தி தேவையில்லை. மிராஃப்ளோரஸின் கீழ்க்கதவுதான் எல்லாவற்றிலும் உயரம், 25 மீட்டர். பசிபிக் பக்கம் கடல் ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்குகிறது, அதைத் தாங்கத்தான். அட்லாண்டிக் பக்கம் இந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு.

அப்புறம் தண்ணீர் விட்டார்கள். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. மேலே இருக்கிற தண்ணீர், சுவருக்குள் ஓடுகிற பெரிய குழாய்கள் வழியாக இறங்கி, தொட்டியின் அடித்தளத்தில் இருக்கிற துளைகளில் குமிழியிட்டுக் கிளம்புகிறது. நம் குமிழி மடையில் தண்ணீர் சுழித்துக் கிளம்புமே, அதே கொப்பளிப்பு. உங்கள் பேரன், நம் தம்பிப் பயல், சுவரில் பதித்திருந்த இரும்பு ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாசி படிந்த படிகள். "ஒன்று போச்சு, ரெண்டு போச்சு" என்று முழுகுகிற படிகளை எண்ணினான். ஈரச் சுவர் எங்களுக்குப் பக்கத்திலேயே கீழே இறங்குவது போலிருந்தது. படகில் இருந்த ஆட்கள் கயிற்றின் தொய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் எங்கள் தலை சுவருக்கு மேலே வந்துவிட்டது. முன்னால் நின்ற அந்தப் பெரிய கப்பலும், அதன் அத்தனை சரக்கும் எங்களோடு சேர்ந்து ஏறிவிட்டது. சத்தமே இல்லை அப்பா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கப்பலின் பின்தளத்தில் கம்பியில் இரண்டு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் வந்து நின்று தம்பிக்குக் கை காட்டினார். எந்த ஊரோ, வீட்டுக்குப் போய் எத்தனை மாதமோ.

மிராஃப்ளோரஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெத்ரோ மிகேல், அங்கே ஒரு படி. அதோடு 26 மீட்டரும் ஏறியாகிவிட்டது. அதற்குப் பிறகு வருவது குலேப்ரா வெட்டு. குலேப்ரா என்றால் பாம்பு. சுமார் 13.7 கிலோமீட்டர் தூரம், மலைத்தொடரின் முதுகையே பிளந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் படிப்படியாகச் செதுக்கிய பாறை. வெட்ட வெட்ட மண் சரிந்து விழுந்து, மாதக்கணக்கில் செய்த வேலை ஒரே ராத்திரியில் மூடிப்போகுமாம். இங்கே தோண்டிய பாறையைக் கொண்டுபோய்க் கொட்டித்தான், நாங்கள் காலையில் பார்த்த அமடோர் கரைச்சாலையைக் கடலுக்குள் போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வழிகாட்டிப் பெண் மைக்கைத் தாழ்த்திப் பேசினாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இறந்தவர்கள் சுமார் 22,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கர் காலத்துப் பதிவேட்டில் 5,609 பேர். அதில் பெரும்பாலானவர்கள் பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்புத் தொழிலாளிகள். பார்படோஸிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர் வந்திருக்கிறார்கள். அமெரிக்க வெள்ளைக்காரர்களுக்குத் தங்கக் காசில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளிக் காசில். குடியிருப்பு, சாப்பாடு எல்லாமே அந்தக் கணக்கில் தனித்தனி.

வெடியில் போனவர்கள், மண்சரிவில் போனவர்கள் போக, காய்ச்சலில் போனவர்கள் ஏராளம். மலைக்காய்ச்சல் என்கிற மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொசுதான் காரணம் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தார்களாம். அந்தத் தண்ணீரில்தான் கொசு முட்டையிட்டு, அதே கட்டிலில் கிடந்தவர்களைக் கடித்தது. அம்மா பால் சட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பது நினைவுக்கு வந்து எனக்கு என்னவோ செய்தது. பிறகு கோர்காஸ் என்ற ராணுவ டாக்டர் வந்து, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றி, வீடுவீடாகப் புகை போட்டு, ஜன்னலுக்கு வலை அடித்து, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் மஞ்சள் காய்ச்சல் நின்றது, கால்வாயும் நகர்ந்தது.

அப்பத்தாவின் பெரியப்பா மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனாரே, ஒரே ஒரு கடுதாசி வந்ததோடு சரி என்று அப்பத்தா சொல்லுமே. குலேப்ராவில் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு நான் அவரைத்தான் நினைத்தேன். நான் விமானத்தில் வந்தேன், ஏசி அறையில் வேலை பார்க்கிறேன், ராத்திரி ஆனால் அம்மா முகத்தை போனில் பார்க்கிறேன். அப்படி வராதவர்கள் வெட்டிய வழி இது. அப்பத்தாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பெயரை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், எனக்கு மறந்துவிட்டது.

மதியம் கடூன் ஏரிக்குள் நுழைந்தோம். சோறு, பயறு, வாழைக்காயைத் தட்டிப் பொரித்த பத்தகோன் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டோம். சுற்றிலும் பச்சைத் தீவுகள். அவை தீவுகளே இல்லை, முழுகின மலைகளின் உச்சி. அணை கட்டியபோது ஊர்களும் ரயில் பாதையும் இதற்குள் போய்விட்டன. நூறு வருடமாகியும் சில இடங்களில் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. பர்ரோ கொலராடோ என்ற ஒரு தீவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் காட்டை ஆராய்ச்சி செய்கிறது. சிவப்பு, பச்சை மிதவைகள் வழி காட்ட, எதிரே கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

உங்களிடம் சொல்ல வேண்டியதே இனிமேல்தான். ஒவ்வொரு முறை ஒரு கப்பல் கடக்கும்போதும் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் ஏரியிலிருந்து கடலுக்குப் போகிறது. பனாமா நகரத்துக்கும் அட்லாண்டிக் முனையில் இருக்கிற கொலோன் நகரத்துக்கும் குடிதண்ணீர் கொடுக்கிறதும் இதே ஆற்றுத் தண்ணீர்தான். 2023இல் மழை பொய்த்தது. நாங்கள் வந்த புதிது. ஏரி வற்ற வற்ற, ஒரு நாளைக்கு 36 கப்பலுக்குக் குறையாமல் விட்டுக்கொண்டிருந்தவர்கள், அடுத்த ஜனவரியில் 24 கப்பலோடு நிறுத்திக்கொண்டார்கள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவீர்களே, அதே மாதிரி கப்பலுக்கு முறை. காத்திருக்க முடியாதவர்கள் ஏலம் எடுத்து முன்னால் போனார்கள். 2016இல் திறந்த புதிய பெரிய மடைகளில் பக்கத்திலேயே மூன்று மூன்று குளம் கட்டி, 60 சதவீதத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதுவும் போதவில்லை. இந்தியோ ஆற்றில் இன்னோர் அணை கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கிற விவசாயிகள் நிலத்தை விடமாட்டோம் என்கிறார்கள். ஏரியில் மிதந்துகொண்டே இதைக் கேட்டபோது, கடைமடைக்காரர்கள் நம் வாசலில் வந்து நின்ற வருடம் கண்ணுக்குள் வந்தது. நீங்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் கடூன் மடைக்கு வந்துசேர்ந்தோம். முறை வர ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். இங்கே மூன்று படியும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. இறங்கும்போது சின்னப் படகு முன்னால் போக வேண்டும். ஆகவே பெரிய கப்பலின் மூக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. எதிரே மேலிருந்து பார்த்தால் கதவுக்குக் கீழே கதவு, அதற்குக் கீழே கதவு, அப்பால் அட்லாண்டிக். தண்ணீர் இறங்க இறங்கச் சுவர் எங்களைச் சுற்றி உயர்ந்துகொண்டே போனது. கிணற்றுக்குள் இறங்குகிற குளிர்ச்சி. மேலே ஒரு துண்டு வானம். கதவு இடுக்கில் கசிந்த தண்ணீர் முகத்தில் தெறித்தது. கடைசிக் கதவு திறந்ததும் உப்புக்காற்று வந்தது பாருங்கள், படகில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். உங்கள் மாப்பிள்ளையும் தட்டினார்.

1914 ஆகஸ்ட் 15 அன்று அதிகாரபூர்வமாக முதல் கப்பல் இந்த வழியாகப் போனது. 1999 டிசம்பர் 31 மதியம் அமெரிக்கர்கள் கால்வாயை முழுதாகப் பனாமாக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். வழிகாட்டிப் பெண் அந்தத் தேதியைச் சொல்லும்போது குரல் மாறியது. தன் தாத்தா கதவு வேலையில் இருந்தவராம். படகில் எல்லோரையும் விட அவளைத்தான் எனக்குப் பிடித்துப்போனது.

கொலோனில் இறங்கி பஸ்ஸில் திரும்பினோம். நாள் முழுக்க வந்த தூரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தம்பி என் மடியில் தூங்கிவிட்டான்.

இந்தச் சித்திரைக்குப் பிறகு அம்மாவோடு வாருங்கள், டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களை மிராஃப்ளோரஸில் நிறுத்தி அந்தக் கதவைக் காட்ட வேண்டும். நம் கண்மாய் இந்த வருடம் நிறைந்ததா? கலுங்கு தாண்டியதா? பெரிய மடையின் துருப்பிடித்த ஷட்டரை மாற்றினார்களா, இல்லை இன்னும் சாக்கைத் திணித்துத்தான் அடைக்கிறீர்களா? எல்லாம் எழுதுங்கள்.

தம்பி இன்று காலையில் எழுந்ததும் ஒரு படம் போட்டான். மடைக் கதவின் மேலே நீங்கள் மண்வெட்டியோடு நிற்கிறீர்கள், கீழே கப்பல். இத்துடன் வைத்திருக்கிறேன். இழுக்கிற இன்ஜின்கள் மணி அடித்துத்தான் பைலட்டுக்குப் பதில் சொல்லும். "தாத்தாவும் மடை திறக்கும்போது மணி அடிப்பாரா?" என்று கேட்டான். அதற்கு மட்டும் அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்