சேட்டைக்கும் மூதேவிக்கும் உறவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார இணைப்பில் சொற்களைப் பற்றி வந்த பக்கத்தை ரசித்துப் படித்தேன், ஒரு பத்தியைத் தவிர. பிள்ளைகள் பண்ணும் 'சேட்டை' மூதேவியின் பெயரிலிருந்து வந்ததாம், அதனால் வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாதாம். என் அக்கா அதைப் படித்ததிலிருந்து பேரனைத் திட்டவே யோசிக்கிறாள்.

மூதேவிக்குச் சேட்டை என்று ஒரு பெயர் இருப்பது உண்மைதான். கருட வாகனன் இருக்க, 'சேட்டை தன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே' என்று திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார் கேட்கிறார். அந்தச் சேட்டை, 'ஜ்யேஷ்டா'. மூத்தவள் என்று பொருள், திருமகளுக்கு அக்கா. கேட்டை நட்சத்திரமும் அதே சொல்தான்.

பிள்ளைகளின் சேட்டை வேறு. அது 'சேஷ்டா' என்ற வடசொல். கை காலை அசைப்பது, ஏதாவது செய்துகொண்டே இருப்பது என்பதுதான் அதன் பொருள். கஷ்டம் கட்டமானது போல, துஷ்டன் துட்டனானது போல, இரண்டு சொல்லும் தமிழுக்கு வந்து ஒரே உருவம் எடுத்துக்கொண்டன. மலையாளத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே மூதேவி 'சேட்ட', அங்க அசைவு 'சேஷ்ட'. அப்புறம் பாருங்கள், இதே சேஷ்டா வங்காளத்தில் முயற்சி என்ற நல்ல பொருளில் வழங்குகிறது. கன்னடக்காரர்களும் நம்மைப் போல அதைக் குறும்பாக்கியவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரன் என் மூக்குக்கண்ணாடியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டான். சாயங்காலம் உலைக்கு அரிசி அளக்கும்போதுதான் படியோடு வந்தது. "கையக் கால வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று அக்கா கத்தினாள். அகராதியே வேண்டாம், சொல்லின் வேர் முழுக்க அந்த வசவில் இருக்கிறது.

மூதேவியோ அசையாதவள். எங்கள் திருப்பரங்குன்றத்தில் 8-ஆம் நூற்றாண்டிலேயே அவளுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். சிற்பங்களில் பருத்த வயிறோடு, காலைத் தொங்கப்போட்டு, மாட்டுத்தலை மகன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் இருக்க, எழுந்திருக்கிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். 'மடியுளாள் மாமுகடி' என்கிறார் வள்ளுவர், சோம்பலில் குடியிருப்பவள் என்று. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சொல்லுக்குப் பயந்தே தீருவேன் என்கிறவர்கள் பயப்படுவதற்கு 'குறும்பு' இருக்கிறது. நல்ல நாட்டில் இருக்கக் கூடாதவை என்று வள்ளுவர் அடுக்கும்போது, 'வேந்தலைக்கும் கொல்குறும்பு' என்று அதையும் சேர்க்கிறார் (குறள் 735). அரசனையே அலைக்கழிக்கும் கொலைகாரக் குறுநிலத்தாரைத்தான் அப்படிச் சொல்கிறார். நாம் அந்தச் சொல்லைக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிச் சொல்கிறோம்.

தங்கள் வாசகன்,
மதுரை