போகிறவருக்கு மட்டுமா வகுப்பு?

திருகோணமலை மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்பயிற்சி நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம். கடித முறைப்படி ஐயா, அம்மணி என்று எழுத வேண்டும். வாயில் வருவது சேர், மிஸ்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உவர்மலையில் இருக்கிறேன். 2016 ஓகஸ்டில், ஏழு வயது மகனையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கட்டாருக்குப் போனேன். என் கணவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே அங்கே போயிருந்தார். கட்டட வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகம். 2022 டிசம்பரில் உலகக் கிண்ணப் போட்டி முடிந்த கையோடு அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. நால்வரும் ஊருக்கு வந்துவிட்டோம்.

அவர் போகும் முன் வகுப்புக்குப் போனார். ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, காப்புறுதி, அந்த நாட்டுச் சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்களாம். நல்ல விஷயம்தான். ஆனால் பின்னால் போன எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பகலில் வேலைத்தளத்தில் இருப்பார். அந்த நாட்டோடு முட்டி மோதிக்கொண்டு இருந்தது நானும் பிள்ளைகளும்தான்.

முதல் நாள் குளியலறையில் நடந்ததைக் கேளுங்கள். பின்னேரம் நான்கு மணிக்குச் சின்னவளைக் குளிப்பாட்ட, நீலப் புள்ளி போட்ட குழாயைத் திறந்தேன். பச்சைத்தண்ணீர் வரவேண்டிய குழாய். பிள்ளை வீரிட்டுக் கத்தினாள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்தவள் நான். அந்த ஏழில் ஒன்றுகூட இப்படிச் சுட்டதில்லை. இரண்டு வாளி நிரப்பி, ஏசி அறைக்குள் வைத்து, ஆறிய பிறகு வார்த்தேன். ஒரு கிழமை இதே கூத்து. பிறகு கீழ்வீட்டு மலையாளி சேச்சி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஹீட்டர் சுவிட்சை நிறுத்தினார். "இனிச் சிவப்புக் குழாயைத் திற" என்றார்.

மொட்டை மாடித் தாங்கி நாள் முழுக்க வெயிலில் காய்கிறது. அந்தத் தண்ணீர்தான் நேராக நீலக் குழாய்க்கு வருகிறது. ஹீட்டரோ வீட்டுக்குள், ஏசிக் குளிரில் தொங்குகிறது. அதை நிறுத்திவிட்டால் அதற்குள் கிடக்கும் தண்ணீர் தானாக ஆறிவிடும். ஆகவே கோடை முழுக்கச் சிவப்பில் குளிர், நீலத்தில் கொதி. மாரியில் பழையபடி மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

நம்மூரிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 35, 36 பாகை வரும். "எங்களுக்கா வெயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும்" என்று நானும் நினைத்தேன். அங்கே ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை 40 பாகையைத் தாண்டுவது சர்வசாதாரணம். வெளிவேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் உண்டு: 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அப்படி நேரம் குறித்துக் கொடுக்க யாரும் இல்லை. நான் பத்தரை மணிக்கு மரக்கறி வாங்கவென்று சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டிப் பட்டியின் கொழுக்கி காய்ந்து, பிள்ளையின் தொடை சிவந்துபோனது. அன்றோடு கடைக்குப் போவது இரவு எட்டு மணிக்குப் பிறகு என்று ஆனது. பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில், அடுத்த வருடம் இரத்தப் பரிசோதனையில் எனக்கு விற்றமின் டி குறைவு என்று வந்தது. அவ்வளவு வெயிலுக்குள் இருந்துகொண்டு! அங்கே இது பலருக்கும் உண்டு என்று வைத்தியர் சாதாரணமாகச் சொன்னார்.

புழுதிக் காற்றை ஷமால் என்பார்கள். அது அடிக்கும்போது ஜன்னல் விளிம்பில் ஈரத்துணி வைக்க வேண்டும். இதையும் சேச்சிதான் சொன்னார்.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. மீன் சந்தையில்தான் ஊமையாக நின்றேன். திருமலைக்காரிக்கு மீன் தெரியாதா? முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. ஹமூர் என்பது கலவாய், ஷேரி என்பது விளைமீன், கனாத் என்பது நம் அறுக்குளா. இந்த மூன்று பெயரும் தெரிந்த நாளில்தான் அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியது. இன்னொன்று கசகசா. நாம் சர்பத்துக்குப் போடும் கறுப்புக் கசகசா திருநீற்றுப்பச்சை இனத்து விதை, அது வேறு. குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா அபின் செடியின் விதை. சவூதியிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். மாமி பாசத்தோடு பொதி கட்டும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. இருமலுக்கும் நோவுக்கும் நம்மூரில் தருகிற சில மருந்துகளும் அப்படித்தான். கொடீன், டிரமடோல் சேர்ந்த மருந்தை வைத்தியரின் கடிதம் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வில்லங்கம்.

விசாக் கடதாசி விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். விவாகச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் எங்களிடம் தமிழில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றி, வெளிவிவகார அமைச்சில் அத்தாட்சிப்படுத்தி, பிறகு கொழும்பிலுள்ள தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். ஓடித் திரியலாம், பரவாயில்லை. பெயரில்தான் சிக்கினோம். நம் வழக்கப்படி அவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், எனக்கு என் அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்கு அவருடைய பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பார்த்தால் ஒரே வீட்டில் மூன்று குடும்பம்! அங்கே விண்ணப்பம் தட்டச்சுச் செய்கிற பையன் நாலு பேரின் கடவுச்சீட்டையும் மேசையில் பரப்பி வைத்து, "இதில் யார் யாருக்கு என்ன உறவு?" என்று கேட்டான். போதாததற்கு, மாமாவின் பெயர் மொழிபெயர்ப்பில் "ஜா" என்று முடிந்தது, கடவுச்சீட்டில் "சா" என்று. சமாதான நீதவான் ஒருவரிடம், இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து அனுப்பும்படி ஊருக்குச் சொல்லி, அது வந்து சேர நாற்பது நாள். போகும் முன்பே எல்லாப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், பிரதேச செயலகத்துக்கு ஒரு நடையோடு முடிந்திருக்கும்.

2017 ஜூன் 5ஆம் திகதி சவூதியும் அமீரகமும் பஹ்ரெய்னும் எகிப்தும் கட்டாரோடு உறவை முறித்தன. கடைக்குப் போனால் பால் தட்டு வெறுமை. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. யுத்த காலத்தில் பழகிய கை. மூன்று மூட்டை அரிசி, மெழுகுதிரி, தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு மூன்று நாளில் துருக்கிப் பால் வந்து இறங்கியது. அந்த மெழுகுதிரிகள் பிறந்தநாள்களுக்கு உதவின.

இனி மூத்தவனின் கதை. இதில் பிழை என்னுடையதுதான். அங்கே ஆங்கில மொழிமூலம் படித்தான், நன்றாகவே படித்தான். வீட்டில் தமிழில் பேசினோம், அது போதும் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்து எட்டாம் ஆண்டில் சேர்ந்தபோது, வரலாற்றுப் பரீட்சையில் கேள்வி விளங்கியிருக்கிறது, பதிலும் தெரிந்திருக்கிறது. "அநுராதபுரம்" என்று எழுத முடியாமல் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்து, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டான். ஆறு வருடமும் நாளுக்கு அரைப்பக்கம் எழுத வைத்திருந்தால் போதும். அங்கே குடும்பத்தின் விசா கணவரின் வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் எல்லோரும்தான் கிளம்ப வேண்டும். என்றோ ஒருநாள் திரும்புவோம் என்பதை முதல் நாளே மண்டையில் ஏற்றியிருந்தால், அவனுடைய தமிழ்க் கொப்பியை நான் பெட்டியில் வைத்திருப்பேன். அந்த இடத்தில் அரிசிமா வைத்தேன்.

குடும்பத்தோடு போகக் கொடுத்துவைத்தவர்கள் கொஞ்சப்பேர், சம்பளம் ஓரளவுக்கு மேல் இருந்தால்தான் அந்த விசாவே கிடைக்கும், எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்குத் தனியாகப் போகும் பெண்கள் படும் பாட்டுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு குறையா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. அவர்களுடைய வகுப்பில் ஒரு மணி நேரத்தையும் குறைக்கச் சொல்லவில்லை.

நான் கேட்பது மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், தமிழில், பின்னால் போகிற மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும். மண்டபம் உங்களிடம் இருக்கிறது. பேசுகிறவர்களைத் தேடி அலைய வேண்டாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் என்னைவிட அதிகம் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்துக்கு நான் வருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். பவர்பொயிண்டும் வேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு அடுத்த மாதம் போகிறாள். அவளுக்கு என் குசினியில் வைத்தே வகுப்பைத் தொடங்கிவிட்டேன். குழாய், வெயில், மீன் முடிந்தது. வருகிற ஞாயிறு கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பெயர் பார்க்க. உங்களில் யாராவது வந்து இருந்து கேட்டால் சந்தோஷம்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு தாய்