வெள்ளகவிக்கு நடந்து வருகிற ட்ரெக்கிங்காரர்களுக்கு

வணக்கம்.

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் வண்டியை நிறுத்திவிட்டு, டால்பின் நோஸ் பாறையில் படம் எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே எங்கள் ஊர் வரைக்கும் இறங்கி வருகிறீர்கள். வாங்க. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சு இல்லை. வீட்டோடு வீடாகச் சாமி இருக்கிற ஊர். நாங்களே உள்ளே செருப்புப் போடுவதில்லை. "சாக்ஸ் இருக்கலாமா?" என்று கேட்பவர்களைப் பார்த்துத்தான் எங்கள் கிழவிகள் சிரிப்பார்கள்.

சரி, விஷயம் செருப்பு இல்லை. டீ குடித்துக்கொண்டே ஒன்று சொல்வீர்களே, "இந்த ஊருக்கு ரோடே வரக் கூடாதுங்க, இப்படியே இருக்கணும்" என்று. அதுதான்.

ராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் கம்பில் போர்வையைக் கட்டி டோலி போடுவோம். தூக்க நாலு பேர், தோள் மாற்ற நாலு பேர், காட்டுமாடு நிற்கிறதா என்று டார்ச் அடித்தபடி முன்னால் ஒருவர். ஏற்றத்தில் முன்னால் போகிறவர் கம்பை இடுப்புக்கு இறக்க வேண்டும், பின்னால் வருகிறவர் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறவள் சரிந்துவிடுவாள். மழைக்காலம் என்றால் காலெல்லாம் அட்டை. தட்டிவிடக் கை ஒழியாது.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிய காலத்திலும் வெள்ளைக்காரர்களை மலைக்குத் தோளில்தான் சுமந்தார்கள். அப்புறம் அவர்களுக்கு ரோடு வந்தது. டோலி எங்களிடம் தங்கிவிட்டது.

காபி, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் குதிரை முதுகில் போகிறது. குதிரைக் கூலி போகக் கையில் என்ன நிற்கும் என்று கேட்காதீர்கள்.

ரோடு வந்தால் கார் வரும், லாட்ஜ் வரும் என்கிற பயம் எங்களுக்கும் உண்டு. வண்டி தாங்காமல் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கே இ-பாஸ் வைக்க வேண்டியதாகிவிட்டது. நாங்கள் கேட்பது ஒரு ஜீப் போகிற வழி. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, அன்று மாலையே வட்டக்கானல் திரும்பி வண்டி ஏறுகிறவருக்குக் கிடையாது.

அப்புறம், எதிரே டோலி வந்தால் மேட்டுப் பக்கமாக ஒட்டி நில்லுங்கள். போனை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளகவிக்காரன் ஒருவன்