கனகாவுக்கு, லண்டனிலிருந்து

லண்டன்
3 ஆகஸ்ட் 2014

அன்புள்ள கனகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், பாளையங்கோட்டை வீட்டை விற்காமல் வைத்துக்கொள்ள முடிவு செய்ததும் படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே யாழினிக்கு 14ஆம் தேதி ஏ லெவல் ரிசல்ட், நம் பிளஸ் டூ மாதிரி. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் அதே நினைப்புதான்.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். "உங்க ஊர் டிவிக்காரர் ஒருத்தரை 84 வயசுல ஜெயிலில் போட்டுட்டாங்களாமே, இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை பாதியில் எழுந்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நான் மட்டும்தான். எழுதி முடித்துவிடுகிறேன்.

ரோல்ஃப் ஹாரிஸ் என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் பிறந்து, இருபது வயது சுமாருக்கு இங்கே வந்தவர். பாடுவார், படம் வரைவார், கதை சொல்வார். ராணியின் 80ஆவது பிறந்தநாளுக்கு அவரை உட்கார வைத்துப் படம் வரைந்தவர் இவர்தான். ராணி பட்டத்துக்கு வந்து 60 வருடம் ஆன 2012 ஜூபிலி விழாவில் அரண்மனை வாசலில் மேடை ஏறினார். எங்கள் வீட்டுக்கு அவர் வேறு விதமாக வந்தார். யாழினிக்கு ஐந்து, ஆறு வயதிருக்கும்போது விலங்கு மருத்துவமனையைப் பற்றி அவர் நடத்திய பிபிசி நிகழ்ச்சியைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பாள். நாயைப் பறிகொடுத்தவர்களோடு சேர்ந்து அவரும் கண் கலங்குவார். இந்த ஊர் இங்கிலீஷ் எனக்குக் காதில் ஏறியதில் அவர் குரலுக்கும் பங்கு உண்டு. தீர்ப்பு வந்த அன்று எனக்கு வந்தது கோபம் இல்லை. நம் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்திருந்த ஆளா இவர் என்ற ஒரு கூச்சம், உடம்பெல்லாம்.

பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்பதுதான் வழக்கு. ஜூன் 30 அன்று ஜூரி 12 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்றது. 1968 முதல் 1986 வரை நடந்தவை, நான்கு பெண்கள். ஜூலை 4 அன்று சதர்க் கிரவுன் கோர்ட்டில் 5 வருடம் 9 மாதம் என்று தண்டனை சொன்னார்கள். அதில் பாதிக் காலம் உள்ளே இருந்தால் வெளியே வந்துவிடலாம்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாக இங்கே வேறு பேச்சே இல்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் காலையில் பத்திரிகை படிக்க வரும் பெரியவர்கள் பாதிப் பேர் "அந்தக் காலம் அப்படி, இப்போது போய்க் கிளறுகிறார்கள்" என்றார்கள். மீதிப் பேர் "அவ்வளவுதானா? ஐந்தே முக்கால் வருடமா?" என்று கொதித்தார்கள். இந்த இரண்டாவது கூட்டம்தான் பெரியது. தண்டனை போதவில்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்துக்கு ஏறத்தாழ 150 பேர் புகார் கொடுத்தார்கள். போன வாரம்தான் அந்த அலுவலகம், மேல்கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டது. போன வருடம் ஸ்டூவர்ட் ஹால் என்ற இன்னொரு பிபிசிக்காரரின் இதே மாதிரி வழக்கில் அப்படி அனுப்பி, 15 மாதத்தை 30 மாதமாக்கினார்கள். அதனால் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

எனக்கும் முதலில் வயிறு எரிந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. குற்றம் நடந்த வருடத்துச் சட்டத்தில் என்ன இருந்ததோ அதற்கு மேல் நீதிபதி போக முடியாது. அன்றைக்கு இந்த மாதிரி அத்துமீறலுக்கு அதிகபட்சமே 2 வருடம். பெண்ணுக்கு 13 வயது ஆகவில்லை என்றால் 5 வருடம். அதை 10 ஆக உயர்த்தியதே 1985இல்தான். நினைத்துப் பார், கனகா. அந்தச் சட்டத்தை எழுதிய நாளில் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் உடம்புக்கும் மனசுக்கும் போட்ட விலை இரண்டு வருடம். ஹாரிஸின் வயதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் இதை யாரும் பேசவில்லை.

நீ கேட்ட "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு" என்பதை இங்கேயும் தினமும் கேட்கிறார்கள். ஜிம்மி சவில் என்று இன்னொரு பிபிசிக்காரர் இருந்தார், ஹாரிஸைவிடப் பெரிய ஆள். 2011இல் செத்து, மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மறு வருடம் அவரும் சிறுமிகளிடம் அத்துமீறியவர் என்ற உண்மை தொலைக்காட்சியில் வெளிவந்ததும் 450 பேர் வரை போலீஸிடம் வந்து பேசினார்கள். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் காது கொடுக்கவில்லை. அந்த விசாரணை தொடங்கிய பிறகுதான் ஹாரிஸ் மேலும் புகார்கள் வந்தன.

இந்த வழக்கில் முக்கியமான பெண், ஹாரிஸின் மகளுடைய தோழி. 13 வயதில் அவர்கள் குடும்பத்தோடு சுற்றுலா போனபோது தொடங்கியது என்று கோர்ட்டில் சொன்னார். பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே பாதிக்கப்பட்டவரின் பெயரை அவர் ஆயுள் முழுக்கப் பத்திரிகைகள் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அவர் 2012 வரை வாய் திறக்காமல் இருந்தார் என்று நினைக்காதே. வருடக்கணக்காகக் குடிக்கு அடிமையாகி, தொண்ணூறுகளின் நடுவிலேயே வீட்டில் சொல்லிவிட்டார். 1997இல் ஹாரிஸ் அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், அன்பில் நடந்தது என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததாக. அந்தப் பெண் மேஜரான பிறகுதான் எல்லாம் என்பது ஹாரிஸின் வாதம். ஜூரி அதை நம்பவில்லை. ஆனால் அந்தக் கடிதம் பதினாறு வருடம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது, பார். பேசினாள், கேட்டார்கள், தாளில் மன்னிப்பும் வந்தது. வெளியே எதுவும் மாறவில்லை. ஹாரிஸ் ராணியைப் படம் வரைந்தது அதற்கு எட்டு வருடம் கழித்து.

இன்னொரு பெண், கேம்பிரிட்ஜில் ஒரு படப்பிடிப்பின்போது நடந்தது என்றார். ஹாரிஸ், நாலைந்து வருடம் முன்பு வரை நான் கேம்பிரிட்ஜுக்கே போனதில்லை என்று சத்தியம் செய்து சொன்னார். அப்புறம் 1978இல் அவர் அங்கே வந்து நடத்திய நிகழ்ச்சியின் பழைய படச்சுருளே கிடைத்துவிட்டது. அந்தப் பெண் வருடத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தார். இடமும் ஆளும் நடந்ததும் தப்பில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தையது எப்படி நினைவிருக்கும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேனே, இந்த ஊர்க்காரர், தோட்டத்தில் தக்காளி போடுவார், அவரிடம் ஒரு ஸ்டைலோபோன் இருந்தது. பேனா மாதிரி ஒன்றால் தொட்டுத் தொட்டு வாசிக்கும் குட்டிக் கருவி. அறுபதுகளின் கடைசியில் ஹாரிஸ்தான் அதன் விளம்பரத்தில் வருவார். பாட்டி தன் மகனுக்கு வாங்கியது. தண்டனை வந்த வாரம் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் காலையில் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மகன் இறந்து பத்து வருடம் ஆகிறது. "இதை அவன் வாசித்தான், அந்த ஆள் வாசிக்கவில்லை" என்று என்னிடம் சொன்னார். நான் பதில் சொல்லாமல் தேநீர் போட்டுக் கொடுத்தேன். விருதுகளைப் பறிப்பது சுலபம், சினிமா, டிவி விருது கொடுக்கும் பாஃப்டாகாரர்கள் தீர்ப்பு வந்த கையோடு கௌரவத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். பாட்டி என்ன செய்வார்?

இனி எழுதப்போவதற்காகத்தான் இரண்டு முறை எழுந்து போனேன்.

நம்மோடு டைப்ரைட்டிங் படிக்க வந்தாளே, லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு ஒரு வாரம் இருக்கும்போது நின்றுபோனவள். பெயரை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். நம் மூவரில் அவள்தான் வேகம். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பிறகு அவளுக்கு மட்டும் தனியாக ஸ்பீடு பயிற்சி கொடுத்தார்கள். நமக்கு அதில் பொறாமை. அவள் நின்றதும் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களோ என்று நீ சொன்னாய், நான் சிரித்தேன். கோவில் வாசலில் ஒருநாள் பார்த்தபோது அவள் நம்மைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திமிர் என்று பேசிக்கொண்டே வந்தோம்.

எனக்கு எதுவும் தெரியாது, கனகா. அவள் எதுவும் சொன்னதில்லை. ஒன்றுமே நடந்திருக்காமல்கூட இருக்கலாம். ஆனால் ஜூலை 4 அன்று இரவு செய்தியில் அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்தபோது, அந்த மாடிப்படியும் கார்பன் பேப்பர் வாசனையும்தான் ஞாபகம் வந்தன. ஏன் வரவில்லை என்று நாம் இரண்டு பேரும் ஒருதடவைகூட அவளிடம் கேட்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு" என்று நீ எழுதியதைப் படித்ததும் உன் மேல் எனக்கு வருத்தம் வந்ததும் இதனால்தான். பிறகு யோசித்தால், நானும் அன்று சிரித்தவள்தானே.

அவள் அம்மா வீடு இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறதா? அவளை எங்காவது பார்த்தால் நீ எதையும் கிளற வேண்டாம். நான் விசாரித்தேன் என்று சொல், என் நம்பரைக் கொடு. அவள் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

14ஆம் தேதி ரிசல்ட் வந்ததும் போன் செய்கிறேன். உங்களுக்கு மதியம் ஆகிவிடும், வீட்டிலேயே இரு. அத்தையைக் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
சரோஜா