பனிவெளிச் சாலைக்கு ஒரு நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புதுமணத் தம்பதியருக்கான பயணங்கள் பற்றிச் சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். திருமணம் முடிந்ததும் மெக்சிக்கோக் கடற்கரைக்கோ கியூபாவுக்கோ விமானம் ஏறுவதே வழக்கமாகிவிட்ட நம் இளையோருக்கு, கனடாவின் மேற்கிலுள்ள மலைகளை அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை செல்லும் பனிவெளிச் சாலையை (Icefields Parkway) ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று அதில் எழுதியிருந்ததை மறுக்காமல் இருக்க முடியவில்லை. கடந்த செப்டம்பரில், திருமணமாகிப் பத்தாம் நாள், நானும் என் கணவரும் அதே சாலையில் அதே தவறைச் செய்தோம்.

எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த பயண முகவர், காலையில் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டுக் கல்கரியில் இறங்கி, அங்கே வாடகைக்குக் கார் எடுத்து, அன்றிரவே ஜாஸ்பரில் தங்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். பனிவெளிச் சாலையின் நீளம் 232 கிலோமீற்றர்தான். எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றே கூடும். அந்தக் கணக்கைத்தான் அவரும் பார்த்தார், தங்கள் கட்டுரையாளரும் பார்த்திருக்கிறார். நாங்கள் பான்ஃபில் சாப்பிட்டு, லேக் லூயிஸில் சிறிது நேரம் நின்று, பேட்டோ ஏரியின் மேலுள்ள பார்வை மேடைக்கு ஏறியபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நீர்நிலை கிடந்தது. அதன் பிறகு இருட்டு. தெருவிளக்குகள் கிடையா, கைபேசிக்கு அலைவரிசை கிடையாது. வளைவொன்றில் எல்க் மான் ஒன்று சாலையின் நடுவே நின்றதைக் கண்டு கணவர் பிரேக்கை அழுத்திய அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் என் கை நடுங்குகிறது. ஜாஸ்பரை அடைந்தபோது இரவு பத்து மணி. உலகின் அழகான மலைச்சாலைகளில் ஒன்றை, முன்விளக்கின் வெளிச்சம் விழுந்த அளவுக்கு மட்டுமே நாங்கள் பார்த்திருந்தோம்.

மறுநாள் காலையில்தான், நாங்கள் எதையெல்லாம் கடந்து வந்தோம் என்பது தெரிந்தது. ஊருக்குத் தெற்கே சாலையின் இருபுறமும் கருகிய மரங்கள் நிற்கின்றன. 2024 ஜூலையில் வந்த காட்டுத்தீ, ஜாஸ்பர் ஊரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்றை அழித்தது. எரிந்த மரங்களுக்குக் கீழே புல்லும் ஊதாப் பூச்செடிகளும் முளைத்திருந்தன. ஊருக்குள் வீடுகளை மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவையும் இருட்டில் கடந்து போயிருந்தோம் என்பது எனக்கு வெட்கமாகவே இருந்தது. அப்போதே, மீதமிருந்த நாட்களுக்குப் போட்டிருந்த மற்றத் திட்டங்களைக் கைவிட்டு, வந்த சாலையிலேயே மூன்று நாட்கள் எடுத்துத் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

அந்த மூன்று நாட்களில் ஒரு முழு நாளை அத்தபாஸ்கா பனியாற்றுக்கே கொடுத்தோம். கொலம்பியா பனிவெளி என்னும் மலைமேல் பனிப்பரப்பிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனிக்கட்டியான இந்தப் பனியாறு, கடந்த 125 ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கி, தன் கன அளவில் பாதிக்கும் அதிகமானதை இழந்துவிட்டது. இதை எண்ணாகப் படிப்பது வேறு. அங்கே நடந்து பார்ப்பது வேறு. பனியாற்றின் முனை எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பலகைகளைப் பாதையோரத்தில் நட்டிருக்கிறார்கள். 1992 என்று எழுதிய பலகையருகே என் கணவர் நின்றுவிட்டார். அது அவர் பிறந்த ஆண்டு. அவர் பிறந்தபோது அந்த இடத்தில் பனிக்கட்டி இருந்தது. இப்போது அங்கே சரளைக்கற்கள். பனியின் விளிம்போ மேலே வெகுதூரத்தில், தூசு படிந்து கறுத்துத் தெரிந்தது. ஒரு மனிதனின் வயதை நடந்து கடக்கலாம் என்று நான் அதுவரை எண்ணியதில்லை.

அங்கே நான் கண்ட இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பாதை முடியும் இடத்தில் கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். எங்கள் கண்ணெதிரே ஓர் இளம் தம்பதி, மணக்கோலத்தில் படம் எடுப்பதற்காக அந்தக் கயிற்றைத் தாண்டினார்கள். மேலே புதுப்பனி மூடியிருக்கும். அதன் அடியில் ஆழமான பிளவுகள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இதே பனியாற்றில் அப்படி விழுந்தவர்கள், மீட்புக் குழுவினர் தூக்கி எடுப்பதற்குள் உடற்சூடு இழந்து இறந்திருக்கிறார்கள். என் கணவர் உரக்கக் கூப்பிட்ட பிறகே அவர்கள் திரும்பி வந்தார்கள். பனியின் மேல் நடந்து பார்க்க விரும்புவோர், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். அதற்கான நடைகள் அங்கே நாள்தோறும் நடக்கின்றன. ஆனால் ஒரு நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிடத் துடிப்பவருக்கு அதற்கு நேரம் எங்கே? அவசரம்தான் ஆட்களைக் கயிற்றுக்கு அப்பால் தள்ளுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த நாள் பார்க்கர் முகட்டில் ஏறி, சஸ்காச்சுவான் பனியாறு நீண்டு கிடப்பதைக் கண்டோம். எட்மன்டன் நகரின் ஊடாக ஓடி, முடிவில் ஹட்சன் விரிகுடாவுக்குப் போகும் வட சஸ்காச்சுவான் ஆறு அதிலிருந்துதான் பிறக்கிறது. நண்பகலில் மீண்டும் பேட்டோ ஏரி. முதல் நாள் மாலையில் சாம்பலாகக் கிடந்த அதே நீர், இப்போது மயில் கழுத்தின் நிறத்தில் இருந்தது. நகரும் பனியாறு தன் அடியிலுள்ள பாறையைத் திரிகை போல அரைக்கிறது. அந்தப் பாறைமாவு உருகுநீரோடு வந்து, எளிதில் படியாமல் ஏரியில் மிதந்து, வெயிலின் நீலத்தையும் பச்சையையும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அந்த நிறத்துக்கு வெயிலும் வேண்டும், உருகுநீரும் வேண்டும். மே மாதத்தில் திருமணம் வைத்து உடனே புறப்படுவோர், இந்த உயரத்தில் பல ஏரிகள் அப்போதும் உறைந்தே கிடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஜூலை முதல் செப்டம்பர் வரையே ஏற்ற காலம்.

தங்கள் கட்டுரையில் விடுபட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லேக் லூயிஸை விட்டால் ஜாஸ்பர் வரை பெற்றோல் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் குறோசிங்கில் மட்டுமே. குளிர்காலத்தில் அதுவும் மூடியிருக்கும். லேக் லூயிஸுக்கு அருகிலுள்ள மொறெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக அனுமதி இல்லை. பேருந்துக்கு முன்பதிவு செய்தே போக வேண்டும். நவம்பர் தொடக்கம் மார்ச் இறுதி வரை இந்தச் சாலையில் குளிர்கால டயர்கள் கட்டாயம். கரடியைக் கண்டால் 100 மீற்றருக்குக் குறையாத தூரம் விட வேண்டும். படம் எடுப்பதற்காகக் காரைவிட்டு இறங்கவே கூடாது. அம்மா கட்டித் தந்த முறுக்குப் பையைக்கூட நாங்கள் வெளியே மேசையில் விட்டுவைக்கவில்லை, ஏனெனில் மனித உணவுக்குப் பழகிய கரடியைப் பல வேளைகளில் கொன்றுவிட வேண்டியதாகிறது.

இவற்றோடு, குறைந்தது இரண்டு இரவுகளாவது அந்தச் சாலையில் தங்க வேண்டும் என்றும், அவற்றில் ஒன்றை ஜாஸ்பரிலேயே கழித்தால் மீண்டெழ முயலும் அந்த ஊருக்கு அது உதவியாக இருக்கும் என்றும், வரும் கோடைத் திருமணங்களுக்கு முன்னர் தங்கள் பயணப் பகுதியில் எழுதுவீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.