19 நாள் திறக்காத மெயில்: ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் மென்பொருளுக்குள் நுழைய முடியாதது, நான்கு புகார் டிக்கெட், ஒரு மதுரைப் பயணம், ஒரு பதிலும் இல்லை

ஐயா / அம்மா,

வணக்கம். சிவகாசியில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறேன். நான், என் மனைவி, மெஷினுக்கு ஒரு பையன், அவ்வளவுதான் ஆள். எட்டு வருடமாக உங்கள் மெயிலுக்குப் பணம் கட்டி வருகிறேன். ஒரு வருடம்கூடத் தேதி தப்பியதில்லை. வேண்டுமானால் உங்கள் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை என்ன என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சின்னப் பெட்டிதான். 'பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு' என்று வருமே, அது. கடவுச்சொல்லை அடித்தால் ஒரு விநாடி மறையும், மறுபடி வந்து நிற்கும். ஆகஸ்ட் 6 காலையில் வந்தது, 25-ம் தேதி இரவு வரை போகவில்லை. முதல் நான்கு நாள், அதே கடவுச்சொல்லை பிரவுசரில் போட்டால் மெயில் ஒழுங்காகத் திறந்தது. அப்படியென்றால் கடவுச்சொல் சரி என்றுதானே அர்த்தம்? இதை உங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூட என்னால் புரியவைக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். அன்றிலிருந்துதான் ஆர்டர் வரத் தொடங்கும். கடைக்காரருக்கு மெயிலில் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி, அனுப்புவேன், அவர் 'ஓகே' என்று பதில் போட்டால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவேன். ஒரு வருடம் வாய்வார்த்தையை நம்பி அடித்து, கடை போன் நம்பரில் ஒரு எண் மாறிப்போய், 2,000 காலண்டர் பழைய பேப்பர் கடைக்குப் போனது. அதற்கப்புறம் எழுத்தில் சம்மதம் இல்லாமல் என் மெஷின் ஓடுவதில்லை. உங்கள் ஆள் ஒருவர், "வாட்ஸ்அப்ல அனுப்பலாமே சார்" என்றார். அனுப்பலாம். அது படத்தைச் சுருக்கிவிடும். ராகு காலம் 7.30-ஆ 1.30-ஆ என்று கண்ணுக்குத் தெரியாமலே கடைக்காரர் ஓகே சொல்வார். ஜனவரியில் வந்து சண்டைக்கு நிற்பார். அப்போது நீங்கள் வருவீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் டிக்கெட்டுக்கு வந்த ஆலோசனை, கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றினேன். இரண்டாவது டிக்கெட், மறுபடி மாற்றுங்கள். மொத்தம் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் "24 மணி நேரம் பொறுங்க". பழைய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மனைவி வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்து அடித்து, கடைசியில் எது நடப்பில் இருப்பது என்று எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் ஒருவர் மென்பொருள் அமைப்பில் போர்ட் எண் 993 என்று இருந்ததை 995 என்று மாற்றச் சொன்னார். 993, மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறைக்கு; 995, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறைக்கு. என் கணக்கு ஐமேப். இதை வாடிக்கையாளர் சொல்லி உங்கள் ஆள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10-க்குப் பிறகு பிரவுசரும் திறக்கவில்லை. 'பல முறை தவறாக முயன்றதால் கணக்கு பூட்டப்பட்டது' என்று வந்தது. யார் முயன்றார்கள்? நான் அந்தப் பக்கமே போகவில்லை, பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் செய்து கேட்டால், "விவரம் மெயில்ல அனுப்பியிருக்கோம் சார்." எந்த மெயிலுக்கு? பூட்டிக் கிடக்கும் அதே மெயிலுக்கு! மூன்று நாள் கழித்து எஸ்எம்எஸ்: 'வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லாததால் டிக்கெட் மூடப்பட்டது.' வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு, ஏன் இன்னும் உள்ளே வரவில்லை என்று கேட்கிற கதை.

ஆகஸ்ட் 14 மதியம் 12.20-க்குப் பேசிய நபரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. தமிழில்தான் பேசினார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. உங்களிடம் அழைப்புப் பதிவு இருக்கும், எடுத்துக் கேளுங்கள். நான் பிரவுசரில் முன்பு திறந்தது, மென்பொருளில் திறக்காதது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். நடுவில் நிறுத்தி, "சார், வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார். ஐயா, நான் 1998-ல் இருந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுகிறேன். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கீபோர்டு இருந்த காலத்தில், அத்தனையையும் விரலில் வைத்திருந்தவன். பஞ்சாங்கம் முழுவதையும் ஒற்றெழுத்துப் பிழை இல்லாமல் அடித்தவன். அந்தத் தம்பிக்கு அப்போது பல் முளைத்திருக்குமா என்பது சந்தேகம். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் கை நடுங்கியது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவரே சொன்னதுதான் அடுத்தது. "ப்ரொஃபைலை டெலிட் பண்ணிட்டுப் புதுசா சேருங்க சார், எல்லாம் தானா வந்துரும்." மென்பொருளில் என் கணக்கின் விவரமெல்லாம் இருந்த அந்த ப்ரொஃபைலை நம்பி அழித்தேன். சர்வரில் இருப்பதுதான் திரும்ப வரும். கம்ப்யூட்டரிலேயே லோக்கல் ஃபோல்டரில் எடுத்து வைத்தது எப்படி வரும்? தேனி, கம்பம், உடுமலை என்று ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். எந்தக் கடைக்கு எந்தச் சாமி படம், போன வருடம் என்ன விலை சொன்னேன், யார் பாக்கி, எல்லாம் அதில். எட்டு வருட உழைப்பு ஒரு நொடியில் போனது. (மார்ச் வரைக்கும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் காப்பி இருக்கிறது. அது என் முன்ஜாக்கிரதை, உங்கள் சாமர்த்தியம் அல்ல.) அழிப்பதற்கு முன் "லோக்கல்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

மதுரை விஷயத்தை விட்டுவிட்டேன். நான்காவது டிக்கெட்டில், மதுரையில் உள்ள உங்கள் அங்கீகாரம் பெற்ற பார்ட்னரிடம் சிஸ்டத்தைக் கொண்டுபோகச் சொன்னீர்கள். முகவரியும் கொடுத்தீர்கள். காலண்டர் அனுப்பும் அட்டைப்பெட்டியில் சிபியு-வை வைத்து, சுற்றிலும் வேஸ்ட் பேப்பர் திணித்து, சணலால் கட்டி பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் போட்டார். முந்தின இரவு மழையில் பஸ்ஸுக்குள் தண்ணீர், கீழே வைக்க வழியில்லை. மாட்டுத்தாவணி வரைக்கும் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து ஆட்டோ. உங்கள் பார்ட்னர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாங்க லைசென்ஸ் விக்கிறதோட சரிண்ணே. சப்போர்ட் எல்லாம் ஆன்லைன்தான்" என்றார். கட்டியிருந்த சணலைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. பாவம், அவர் மேல் கோபமில்லை, தண்ணீர் கொடுத்தார். அவரிடம் போகச் சொன்ன உங்கள் மேல்தான் கோபம். ஒரு நாள் முழுக்க மெஷின் நின்றது.

கடைசியில் யார் சரி செய்தது தெரியுமா? என் அக்கா மகள். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, உங்க போன்லயும் இதே மெயில் இருக்கா?" இருக்கிறது. மனைவி கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. நான் இங்கே கடவுச்சொல்லை மாற்ற மாற்ற, அந்த இரண்டும் பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒரு தரம் உங்கள் சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதனால்தான் பூட்டு. நீங்கள் மாற்றச் சொன்ன ஐந்து முறையும் பூட்டுக்கு மேல் பூட்டுத்தான். இரண்டிலும் கணக்கை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னாள். பூட்டு தானாக விட்டது. பிரவுசரில் உள்ளே போய்ப் பார்த்தால், நீங்கள் ஆகஸ்ட் முதல் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும், கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். அது வந்துவிட்டால் என் பதிப்பு மென்பொருளுக்குச் சாதாரணக் கடவுச்சொல் செல்லாது, அந்த மென்பொருளுக்கு என்றே தனியாக ஒரு கடவுச்சொல், ஆப் பாஸ்வேர்ட், உருவாக்க வேண்டும். உருவாக்கினாள். விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கடவுச்சொல்லையும் அழித்தாள். அப்புறம் புதியதைப் போட்டதும் 212 மெயில் கடகடவென்று இறங்கியது. பூட்டு விடக் காத்திருந்த நேரம் போக, அவளுக்கு ஆனது அரை மணி நேரம். கூலி ஒரு ரோஸ் மில்க்.

அப்படியென்றால் கடவுச்சொல் தவறே இல்லை. முறைதான் மாறியிருக்கிறது. அதை 'கடவுச்சொல் தவறு' என்று காட்டுவது என்ன நியாயம்? உங்கள் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா, அல்லது தெரிந்தும் போனில் பேசுகிறவர்களிடம் சொல்லவில்லையா? பாதுகாப்புக்காக மாற்றுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கூகுள் 2022 மே 30-க்குப் பிறகு தனிநபர் கணக்குகளில், மென்பொருள் சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் வைத்து உள்ளே நுழையும் பழைய முறையை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கான தன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபர் முதல் நிறுத்தப் போவதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தது. நீங்கள் ஒரு வரி எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால் போதும். பணம் கட்டச் சொல்லி மட்டும் மூன்று எஸ்எம்எஸ் வருகிறதே!

நஷ்டக் கணக்கு. ஒரு நகைக்கடையின் 3,000 தினசரிக் காலண்டர், ப்ரூஃப் போகவில்லை என்று வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு கடை பதிலே சொல்லவில்லை. என் கணக்கில் மூன்று லட்ச ரூபாய் நஷ்டம். மூன்று லட்சம் என்பது பில் தொகைதானே, லாபம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 27 வருடப் பெயருக்கு நீங்கள் விலை சொல்லுங்கள், அப்புறம் லாபத்தைப் பேசலாம்.

உங்கள் மேலதிகாரி என்று ஒருவர் வந்து, "நீங்க பிசினஸ் கஸ்டமர், கன்ஸ்யூமர் கிடையாது" என்றார். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-ஐ அவரைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. வழக்குப் போட உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை, நான் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். உங்களுக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். இதையெல்லாம் செய்ய எனக்கு ஆசையில்லை, சீசன் நேரம். தயவுசெய்து அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நான் கேட்பது: இந்த வருடச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். மதுரை போய்வந்த செலவு 640 ரூபாய், பஸ் டிக்கெட் இணைத்திருக்கிறேன். அழிந்துபோன ஃபோல்டரை மீட்க முடியுமா என்று உங்கள் தொழில்நுட்ப ஆள் ஒருவர், விஷயம் தெரிந்த ஒருவர், பார்த்துச் சொல்ல வேண்டும். ஃபோல்டர் இருந்த டிஸ்கில் அதற்கப்புறம், இறங்கிய மெயிலைத் தவிர, வேறு எதையும் எழுதாமல் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 14-ல் பேசியவர் என்னைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டும். மற்றதில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இதில் மட்டும் முடியாது. அவருக்கு வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வயதுப் பையன். ஆனால் கூப்பிட வேண்டும்.

15 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன். தபாலில் அனுப்புங்கள், மெயிலில் வேண்டாம். போன் செய்வதானால் மதியம் 2 மணிக்கு மேல் செய்யுங்கள். காலையில் மெஷின் ஓடும், காது கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் எட்டு வருட வாடிக்கையாளர்,
சிவகாசி

இணைப்பு: சந்தா ரசீது நகல், நான்கு டிக்கெட் எண்கள், பஸ் டிக்கெட் இரண்டு, லக்கேஜ் டிக்கெட் ஒன்று