சுருக்கத்தை அழித்துவிட்டு வயதைக் காட்ட முடியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் மண்டபத் திரையில், சிறுவயது முதல் இன்றுவரையான படங்களை அடுக்கிய வாழ்க்கை வீடியோ ஓட்டுவது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வழக்கமாகிவிட்டது. வயது ஏறுவதைக் காட்டத்தான் வீடியோ. ஆனால் படங்கள் எடிட்டிங்குக்கு வருவதற்குள் வயது அதிலிருந்து போய்விடுகிறது. செல்போனின் பியூட்டி மோட் சுருக்கத்தை வழித்துவிடுகிறது. மங்கிய படத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் ஏஐ செயலிகள் இன்னும் மோசம். படத்தில் இல்லாத இமையையும் பல்லையும் ஊகித்து வரைந்துவிடும். ஆயாவின் முகத்தில் வேறு யாரோ சிரிப்பார்கள். மங்கல் மங்கலாகவே இருக்கட்டும்.

இனி எடுக்கப்போகும் முகப் படங்களுக்கு வாரம் ஒன்று போதும். ஆண்டுக்கு 52 படம். நொடிக்கு ஐந்தாக ஓட்டினால் ஒரு வயது பத்து நொடியில் கடக்கும். தினமும் எடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். போனை ஸ்டாண்டில் கண் உயரத்துக்கு வைத்து, ஐந்தடி தள்ளி, பின்பக்கக் கேமராவில் எடுங்கள். ஸ்டூலின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் பெயிண்டால் புள்ளி வைத்துவிடுங்கள். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் தூரம் அரையடி மாறினாலும் மூக்கு பெருத்துக் காது ஒளியும்; அதைப் பார்ப்பவர் வயதின் மாற்றம் என்று நினைத்துக்கொள்வார். முன்பக்கக் கேமராவில் இன்னொரு வம்பு: கண்ணாடிப் பிம்ப செட்டிங் நடுவில் மாறினால் மூக்குத்தி வலமும் இடமுமாகத் தாவும். எடிட்டிங்கில் எல்லாப் படத்திலும் இரண்டு கண்களும் திரையில் அதே இடத்தில் வரும்படி நிறுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தலை ஆடிக்கொண்டே இருக்கும்.

பழைய படங்களில்தான் பாடு அதிகம். கடல் ஈரத்தில் பிரின்ட் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படமெடுத்தால் பிரதிபலிப்பு விழாது. மற்றவற்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யலாம். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் 2100க்கு 3000 பிக்சல் வரும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200 வையுங்கள். எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் சிவந்து போனதற்குக் காரணம், அதிலிருக்கும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதுதான். அந்த நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கதையை முடிப்பது சோம்பேறித்தனம்.

தேதி தெரியாத படத்தின் முதுகைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் பிரின்ட் 1972க்குப் பிந்தியது. திருவொற்றியூரில் மெட்ரோ நிலையம் இயங்குவது தெரிந்தால் 2021 பிப்ரவரிக்குப் பிந்தையது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கோப்பின் பெயராக வைத்தால் கம்ப்யூட்டரே வயதுப்படி அடுக்கிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த தேதியும் அழிந்துபோகும்; டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கல்யாண வீடியோ கேசட்டில் டேப்பின் ஓரம் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டிப் பார்க்காதீர்கள், டேப்பைப் படிக்கும் பிளேயரின் ஹெட்டுக்கும் பரவி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கேசட்டை ஓட்டும் விசிஆர் பிளேயரின் தயாரிப்பு 2016இலேயே நின்றுவிட்டது, இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும். டிஜிட்டலாக்கியதும் நொடிக்கு 25 பிரேமிலேயே வைத்திருங்கள், 30 ஆக்கினால் நடை வெட்டும். அகலத் திரைக்காக இழுத்தால் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

வீடியோவில் சேர்க்கப் பெரியவர்களின் குரலைப் பதியும்போது போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மின்விசிறி வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓயும் நேரம் எதுவென்று அந்தந்தத் தெருவுக்குத்தான் தெரியும். 'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பெரியவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பழைய படத்தைக் கையில் கொடுத்து, 'இது யார் வீட்டுத் திண்ணை? அப்போது வாடகை எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தமாட்டார்கள். கடைசியில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்; வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

இதில் பலருக்கும் எட்டாத ஒரே பொருள் ஸ்கேனர். ஜெராக்ஸ் கடைகளில் பெரும்பாலும் ஆவணத்துக்கான 200, 300 டிபிஐயில்தான் எடுத்துத் தருகிறார்கள். வடசென்னையின் கிளை நூலகங்களில் கிளைக்கு ஒன்றாகப் படுக்கை ஸ்கேனர் (படத்தைக் கண்ணாடி மேல் கிடத்தி ஸ்கேன் செய்யும் வகை) வைத்து, வாரத்தில் ஒரு நாள் மாலை பொதுமக்களுக்குத் திறந்துவிடுமாறு நூலகத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிடைத்தால் நல்லது. ஆல்பங்கள் நனைவது அப்போதுதான்.

– வீடியோ எடிட்டர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.